காற்று வருவதற்கும் ஒரு வழி வையுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கும் சிம்னி மாட்டுகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள மேஸ்திரி அண்ணன்மார்களே, இன்ஜினியர் தம்பி தங்கைகளே, சிம்னியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டித் தரும் தோழர்களே,



பாலாற்றின் இரு கரையிலும் இன்று எழுகிற புது வீடுகளில் அடுப்படிக்குத்தான் அதிகம் செலவாகிறது. கிரானைட் மேடை, மாடுலர் அலமாரி, அடுப்புக்கு நேர்மேலே பளபளக்கும் சிம்னி. பணம் போட்டவர்கள் பெருமையோடு காட்டுகிறார்கள். ஆனால் அங்கே நின்று சமைக்கும் பெண்களைக் கேட்டால் வீட்டுக்கு வீடு ஒரே குறையைச் சொல்கிறார்கள். சிம்னி ஓடுகிறது, சத்தமும் பெரிதாக வருகிறது, புகை மட்டும் போகவில்லை. போன புகையும் சில நாள் திரும்பி வருகிறது. சர்வீஸுக்கு ஆளைக் கூப்பிட்டால் ஃபில்டரைக் கழுவச் சொல்லிவிட்டுப் போகிறார். கழுவிய பிறகும் கதை அதேதான்.

இதில் பெரும்பாலான வீடுகளில் இயந்திரத்தின் மேல் தப்பில்லை. சுவரிலும் ஜன்னலிலும் குழாய் போன வழியிலும்தான் தப்பு இருக்கிறது. அதைத் திருத்தும் கை உங்களுடையது. அதனால் வீட்டுக்காரர்களுக்கு எழுதுவதைவிட உங்களுக்கு எழுதுவதே சரி என்று பட்டது.

முதலில் ஒரு கணக்கு. பத்து அடி நீளம், எட்டு அடி அகலம், பத்து அடி உயரம் உள்ள அடுப்படி 800 கன அடி. ஏறக்குறைய 23 கன மீட்டர். கடையில் விற்கும் சிம்னியின் அட்டையில் மணிக்கு 1200 கன மீட்டர் இழுக்கும் என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் நிமிடத்துக்கு 20 கன மீட்டர். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடினாலே அடுப்படியில் உள்ள காற்று முழுவதும் வெளியே போயிருக்க வேண்டும். குழாயின் நீளம், வளைவு, பிசுக்கு எல்லாம் சேர்ந்து அந்த வேகத்தில் பாதிதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் இரண்டே கால் நிமிடத்தில் அறை காலியாக வேண்டும்.

காலியாவதில்லை. வெளியே போன காற்றுக்கு ஈடாக அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வர வழியில்லை என்றால் சிம்னியால் இழுக்கவே முடியாது. மோட்டார் சுற்றும், காற்று நகராது. பதினைந்து கிலோ எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கித்தான் கொட்டும். எதிர்மூலையில் இன்னொரு துளை போட்டதும் சீராக விழும். அந்த இரண்டாவது துளையை நம் வீடுகளில் யாரும் போடுவதில்லை. இந்த மடல் முழுவதும் அந்தத் துளையைப் பற்றியதுதான்.

பழைய வீடுகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. முற்றம் இருந்தது. கூரை ஓட்டுக்கு இடையே புகைக்கூண்டு இருந்தது. கொல்லைப்பக்கக் கதவு விடிந்தால் திறந்தது, இருட்டினால் மூடியது. பிறகு வந்த தளம் போட்ட வீடுகளிலும் லின்டல் மேலே ஒரு வெண்டிலேட்டர் வைத்தார்கள், அடுப்படிச் சுவரில் சிமென்ட் ஜாலி வைத்தார்கள். இன்று ஜாலியை அடைத்து டைல்ஸ் ஒட்டுகிறோம். யுபிவிசி ஜன்னல் ரப்பர் வைத்துக் காற்றுப் புகாமல் சாத்துகிறது. மரக்கதவு போய், தரையோடு ஒட்டி நிற்கும் கதவு வந்துவிட்டது. வீடு இறுகிக்கொண்டே போக, காற்றை இழுக்கும் இயந்திரம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

நம் வட்டாரத்தில் ஜன்னலைச் சாத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தோல் பதனிடும் ஷாப்பு வாடை. காற்று திரும்பும் நாளில் ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ஜன்னல் திறக்க மனம் வராது. கால்வாயோரம் வீடு என்றால் கொசுவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மாலை ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, உள்ளே அடுப்பைப் பற்றவைத்து, சிம்னியைப் போடுகிறோம். வெளிநாற்றத்துக்குப் பயந்து உள்புகையைப் பூட்டி வைக்கிறோம். இந்த ஊர்களில் "ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது அறிவுரையாகாது. ஜன்னல் சாத்தியிருக்கும்போதும் காற்று வரும்படி கட்டித் தருவதுதான் தீர்வு.

அப்படிக் கட்டாவிட்டால் சிம்னி எங்கிருந்து காற்றை இழுக்கும்? கிடைத்த ஓட்டையிலிருந்தெல்லாம் இழுக்கும். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் குளியலறையில் தரைவடிகாலின் நஹானி ட்ராப் தண்ணீர் வற்றிக் கிடக்கும்; அதன் வழியாகச் சாக்கடைக் காற்றை உள்ளே இழுக்கும். சமைக்கும்போது மட்டும் வீட்டில் ஏதோ நாறுகிறது என்று சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. அபார்ட்மென்ட் என்றால், நாலு வீட்டுக்கும் பொதுவாக விட்ட ஷாஃப்டிலிருந்து கீழ்வீட்டுத் தாளிப்பை இழுக்கும். குளியலறையிலோ யுட்டிலிட்டியிலோ காஸ் கீசர் இருந்தால், அது எரித்துக் கழித்த காற்றையும் இழுக்கும்.

கடைசியில் சொன்னது உயிருக்கு ஆபத்து. ஒரு கிலோ சமையல் காஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். அது கிடைக்காதபோது தீ மஞ்சளாகும், பாத்திரத்தின் அடியில் கரி படியும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். தோல் ஷாப்புத் தொட்டியில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு குறைவாக இருக்கும்போதாவது அழுகிய முட்டை நாற்றம் கொடுத்து எச்சரிக்கும். தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்த செய்தி நம் ஊர்களுக்குப் புதிதல்ல. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்துவிட்டு, மறுபடி அதே அடுப்படியில் போய் நிற்பார்கள்.

இதற்காகவே அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதியில், அறைக் காற்றை நம்பி எரியும் சாதனம் உள்ள வீட்டில் அடுப்படி ஹூட் மணிக்கு ஏறக்குறைய 680 கன மீட்டருக்கு மேல் இழுக்குமானால் ஈடுகாற்றுக்குத் தனி வழி வைத்தே தீர வேண்டும் என்று இருக்கிறது. நாம் மாட்டுவது 1200. நம் சுவரில் ஈடுகாற்றுக்கு ஒரு துளைகூட இல்லை.

புகையின் கேடு கார்பன் மோனாக்சைடோடு முடிவதில்லை. கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்ற வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்திருக்கிறது. அந்த அறிக்கை 2010-ல் வெளிவந்தது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவும் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளுக்குள் போய்க் காற்றை அளந்தார்கள். எந்த எரிபொருள் என்பதோடு, அடுப்படி வீட்டில் எந்த இடத்தில், எப்படி அமைந்திருக்கிறது என்பதும் சமைப்பவர் இழுக்கும் புகையின் அளவைத் தீர்மானிக்கிறது என்று 2002-ல் வெளியான அவர்கள் ஆய்வு காட்டியது. அடுப்படி எங்கே, எப்படி என்று முடிவு செய்வது யார்? நீங்கள்தான்.

இனி வேலைக்கு வருகிறேன்.

ஈடுகாற்றுத் திறப்பு. நடைமுறையில் மணிக்கு 600 கன மீட்டர் போகிறது என்று கொண்டால், அடுப்படிக்குக் குறைந்தது ஒரு சதுர அடி தடையில்லாத திறப்பு வேண்டும். கொசுவலை அடித்தால் ஒன்றரை சதுர அடியாக்குங்கள், வலையைக் கழற்றிக் கழுவும்படி சட்டத்தில் பொருத்துங்கள். திறப்பு அடுப்புக்கு எதிர்ப்பக்கம், தாழ்வாக இருக்கட்டும். காற்று அடுப்பங்கரையைக் கடந்து வந்து புகையையும் சேர்த்துக்கொண்டு சிம்னிக்குள் போக வேண்டும். சிம்னிக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருந்தால் வந்த காற்று நேரே சிம்னிக்குள் போய்விடும், புகை அப்படியே நிற்கும். அடுப்பின் பக்கவாட்டில் வைத்தால் தீ அலையும். தாழ்வான திறப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் படியும், போக ஒரு வழி இருக்கும். காஸ் வாடை வந்தால் சிம்னியையோ வேறு எந்த ஸ்விட்சையோ தொடக் கூடாது என்பதை வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

திறப்பைச் சாக்கடைப் பக்கமோ, ஜெனரேட்டர் பக்கமோ, காஸ் கீசர் உள்ள யுட்டிலிட்டிப் பக்கமோ வைக்காதீர்கள். வாடை எந்தப் பக்கமிருந்து அதிகம் வருகிறது என்று தெரு மக்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்கு எதிர்ச்சுவரைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சுவரே கிடைக்காவிட்டால் ஹாலில் நல்ல திறப்பு வைத்து, அடுப்படிக் கதவின் அடியில் இடைவெளி விடுங்கள், அல்லது கதவின் கீழ்ப்பாதியில் லூவர் பொருத்துங்கள். வேண்டாத நேரத்தில் மூட ஒரு தகடு இருக்கட்டும். சிம்னி போடும்போது திறக்க வேண்டும் என்பதால் அதைக் கைக்கெட்டும்படி வையுங்கள்.

அடுத்தது குழாய். கம்பெனி 6 அங்குலம் கேட்டால் 6 அங்குலமே போடுங்கள். அதன் வாய் 28 சதுர அங்குலம். 4 அங்குல பிவிசியின் வாய் பன்னிரண்டரை. பாதிகூட இல்லை. முன்பே போட்ட துளை சிறியது என்பதற்காகக் குழாயைச் சுருக்கினால் அந்த வீட்டில் சிம்னி என்றைக்கும் சரியாக இழுக்காது. வளைவு ஒன்றோ இரண்டோ போதும். நெளியும் அலுமினியக் குழாயைத் தொய்யவிட்டால் தொய்ந்த இடத்தில் எண்ணெய் தேங்கும், அது தீப்பிடிக்கும். வழவழப்பான குழாயை நேராகக் கொண்டுபோங்கள். லாஃப்டுக்குள்ளோ ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளோ குழாயை முடித்துவிட்டு வராதீர்கள். அந்தப் புகை வெளியே போவதில்லை, மறைகிறது. சில மாதத்தில் கரப்பானும் பிசுக்குமாகத் திரும்பிவரும்.

பிறகு தடுப்பு. சிம்னியின் வாயில் இரண்டு அரைவட்டத் தகடுகள் இருக்கும். காற்று போகும்போது திறக்கும், நின்றதும் மூடும். வெளிக்காற்று திரும்பி வராமல் காப்பது அவைதான். பெட்டியிலிருந்து எடுக்கும்போது அவற்றின் மேல் டேப் ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். குழாயை இறுக்கும் திருகு நீளமாகப் போய்த் தகட்டைத் தடுக்கவில்லையே என்று கையை விட்டுப் பாருங்கள். தடையாக இருக்கிறது என்று அந்தத் தகடுகளைக் கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தகடு ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்குக் காட்டிக்கொடுங்கள்.

வெளிவாய் எந்தத் திசையில் என்பது நம் ஊரில் பெரிய விஷயம். ஆடியில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்று நமக்கு மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. மேற்குச் சுவரில் வாய் வைத்த சிம்னியை ஆனியில் தொடங்கி ஆவணிவரை காற்று எதிர்த்துத் தள்ளும். ராத்திரியில் தகடு டப் டப்பென்று அடிக்கிறது, அடுப்படி முழுக்கத் தூசு என்று அந்த வீட்டார் சொல்வது அதனால்தான். அக்னி மூலையில் அடுப்படி வைக்கும் வீடுகளில் கிழக்குச் சுவர் கிடைக்கும். ஆடிக்காற்றுக்கு அது மறைவு. இடமில்லாமல் வாயு மூலைக்கு அடுப்படியை மாற்றும்போது வாய் மேற்கைப் பார்த்துவிடுகிறது. அங்கே கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வேறு இருக்கிறது. மேலே மாடி இல்லாத வீடு என்றால் குழாயைத் தளத்துக்கு மேலே, கைப்பிடிச் சுவரையும் தாண்டிக் கொண்டுபோய் மழைத்தொப்பி போடுவதே எல்லாப் பருவத்துக்கும் நல்லது. சுவரில்தான் வைக்க முடியும் என்றால் காற்றைத் தடுக்கும் மூடியும் தானாக மூடும் லூவரும் போடுங்கள். வெளிவாயை ஜன்னலுக்குப் பக்கத்திலோ, ஈடுகாற்றுத் திறப்புக்குப் பக்கத்திலோ, அண்டை வீட்டு ஜன்னலுக்கு நேராகவோ வைக்காதீர்கள்.

ஓட்டல் வேலை எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆம்பூர் பிரியாணி விறகுத் தீயில் வெந்து, மூடிமேல் கங்கு போட்டு தம் ஆவது. சீரக சம்பாவின் மணம் அந்த நிதானத்தில்தான் கிடைக்கிறது. அந்த அடுப்புகள் முன்பெல்லாம் பின்கட்டில், திறந்த கொட்டகையில் இருந்தன. இப்போது கடையைப் புதுப்பித்து ஏசி போடும்போது அடுப்பையும் உள்ளே கொண்டுவருகிறார்கள். கனன்றுகொண்டிருக்கும் கங்கு புகையே இல்லாமல் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். பெரிய ஹூட் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஹூட் இழுப்பதில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தை ஃப்ரெஷ் ஏர் ப்ளோயர் வைத்து உள்ளே தள்ள வேண்டும். மீதி சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வரட்டும். அப்போதுதான் புகை கூடத்துக்குப் பரவாது, மாஸ்டரும் மூச்சு விடலாம். ப்ளோயருக்குச் செலவழிக்க முதலாளி தயங்கினால் விறகடுப்பைக் கொட்டகையிலேயே விடச் சொல்லுங்கள். அது பின்னடைவல்ல, நம் பெரியவர்கள் அறிந்து செய்த ஏற்பாடு.

சிம்னி வாங்க வசதியில்லாத வீடுகளை மறந்துவிட வேண்டாம். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கம்பெனி பஸ் வருமுன் சோறு, குழம்பு, டிபன் கேரியர் எல்லாம் முடிய வேண்டும். விடியாத இருட்டில், சாத்திய கதவுக்குள், வாடகை லைன் வீட்டின் மூலையில் நின்று சமைக்கிறார்கள். பகல் முழுக்கப் பசையும் சொல்யூஷன் வாடையும் முகர்கிற அதே நெஞ்சு அது. அந்த வீடுகளைக் கட்டுகிறவர்களும் நீங்கள்தான். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்புக்கு மேலே உயரத்தில் வைத்து, எதிர்ச்சுவரின் அடியில் ஒரு ஜாலியும் வையுங்கள். செலவு மிகக் குறைவு. வீட்டுச் சொந்தக்காரர் கேட்காவிட்டாலும் வையுங்கள்; வாடகைக்கு வரப்போகிறவள் அப்போது அங்கே நின்று கேட்க முடியாது.

சாவியை ஒப்படைக்கும் முன் செய்ய ஒரு சோதனை உண்டு. எல்லா ஜன்னலையும் கதவையும் சாத்துங்கள், ஈடுகாற்றுத் திறப்பை மட்டும் திறந்து வையுங்கள். சிம்னியை முழு வேகத்தில் போடுங்கள். ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்துக் கதவடியிலும், நஹானி ட்ராப் மேலும், கீசர் பக்கமும் பிடியுங்கள். புகை எங்கிருந்து உள்ளே இழுபடுகிறது என்று கண்ணால் தெரியும். கதவைத் திறக்கையில் கை கனத்தால் வீட்டுக்குக் காற்று போதவில்லை என்று பொருள். ஒரு ஜன்னலைத் திறந்ததும் சிம்னியின் சத்தம் மாறி, புகை விறுவிறுவென்று மேலேறினால் அதே முடிவு. பிறகு சிம்னியை நிறுத்திவிட்டு, ஊதுபத்தியை அதற்கு அடியில் பிடியுங்கள். புகை கீழ்நோக்கி வந்தால் தடுப்புத் தகடு மூடவில்லை. பத்து நிமிட வேலை இது. காஸ் கீசர் உள்ள வீட்டில், படுக்கையறைப் பக்கமாகக் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். அந்தக் கீசர் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் இருந்தால் வெளியே மாற்றச் சொல்லுங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. டேனரிக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு, கேடு வருமுன் காக்கும் கடமையை நாட்டின் சட்டத்திலேயே ஒரு கொள்கையாக நிலைநிறுத்தியது. கேடு நடந்துவிட்டது என்று நிரூபணம் வரும்வரை கைகட்டி நிற்கக் கூடாது என்பது அதன் சாரம். இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் அந்த வழக்கை வேலூர் பெயரால்தான் படிக்கிறார்கள். பெரிய ஆலைகளிடம் நாம் கேட்ட அதே நியாயத்தை நம் கொத்துக் கரண்டியிலும் கடைப்பிடிப்போம். ஓர் அடுப்படியில் யாராவது மயங்கி விழுந்த பிறகு சுவரை உடைக்க வேண்டாம். பூச்சுக்கு முன்பே திறப்பை விட்டுவிடுங்கள்.

அடுத்த வீட்டுக்கு மார்க்கிங் போடும்போது, சிம்னித் துளையைக் குறித்த அதே சாக்பீஸால் காற்று உள்ளே வரும் துளையையும் குறியுங்கள். அது இல்லாமல் சிம்னி மாட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள். வீட்டுக்காரர் காரணம் கேட்டால் இந்த மடலைப் படித்துக் காட்டுங்கள்.


ஆம்பூரில் உங்கள் கை கட்டிய வீட்டில் சமைக்கும் ஒருத்தி